அசையாத முள்ளும் அசுரர் தவமும்

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் கந்தசஷ்டி தொடங்கும். திருகோணமலை நகரில் வில்லூன்றி கந்தசுவாமி கோயில் வீதியிலும், மாவட்டத்தின் தெற்கெல்லையில் வெருகல் சித்திரவேலாயுதர் வாசலிலும் அந்த ஆறு நாளும் சனங்கள் ஒருவரையொருவர் கேட்பது ஒன்றைத்தான்: "நீங்கள் எப்பிடிப் பிடிக்கிறியள்?" சிலர் மிளகும் தண்ணீரும். சிலர் பாலும் பழமும். வேலைக்குப் போகிறவர்கள் இரவில் ஒருநேரம் பச்சரிசிச் சோறு. யாருக்கு எது ஏலுமோ அது. ஏழாம் நாள் காலையில் பாறணை. அதற்குப் பிறகு கேட்பதற்கென்று இன்னொரு கேள்வி அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கிறது: "எத்தினை கிலோ குறைஞ்சுது?"

இரண்டு, மூன்று என்று பதில் வரும். கார்த்திகை விளக்கீட்டுக்குள் அதில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். ஏனென்றால் போனதில் கணிசமான பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் ஒரு கிராம் கரையும்போது, அதோடு ஒட்டியிருந்த மூன்று கிராம் அளவு நீரும் வெளியேறுகிறது. சோறு திரும்பினால் நீரும் திரும்பும்.

சிக்கல், பாறணையோடு நிறுத்தாதவர்களுக்குத்தான். பாணை விட்டு, இரவுக் கொத்தை விட்டு, பிளேன்டீயில் சீனியை விட்டு, விடியப்புறம் பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களுக்கு இடையே நடந்து, கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குகிறவர்கள் இவர்கள். முதல் மூன்று மாதம் நிறை மளமளவென்று இறங்கும். ஆறாம் ஏழாம் மாதத்தில் தராசு முள் ஓரிடத்தில் நின்றுவிடும். கிழமைகள் போகும். தட்டில் மாற்றமில்லை, நடையில் மாற்றமில்லை, முள்ளிலும் மாற்றமில்லை. அப்போது வீட்டில் யாராவது கேட்பார்கள்: "ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிடுறியோ?"

இந்த இடத்தில் விடயம் சமையலறையை விட்டுச் சமயத்துக்குள் வந்துவிடுகிறது. முயன்றால் பயன் உண்டு, பயன் இல்லையென்றால் முயற்சியில் எங்கோ களவு இருக்கிறது என்பது வினைக் கொள்கையின் மலிவுப் பதிப்பு. நோயாளிக்கும் கடனாளிக்கும் பிள்ளையில்லாதவருக்கும் ஊர் வாசிக்கிற தீர்ப்பு இதுதான். முள் நின்றவருக்கும் அதையே வாசிக்கிறது. பல வேளைகளில் அவரே தனக்கு அதை வாசித்துக்கொள்கிறார். உடம்பு பதில் சொல்லாமல் நின்றால் தவம் தோற்றதென்று பொருளா?

தீர்ப்புக்கு முன் சாட்சியைக் கேட்கலாம்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற உடலியலாளர் 36 இளைஞர்களைக் கூட்டினார். எல்லோரும் போருக்குப் போக மறுத்தவர்கள். குவேக்கர், மெனோனைற், பிரெத்ரன் என்று, ஆயுதம் தொடுவதே பாவம் எனக் கருதும் திருச்சபைகளின் வழியாக வந்தவர்கள் அவர்களில் நிறைய. போரில் பட்டினி கிடந்த ஐரோப்பியருக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று கண்டறிவதற்காக, தங்களைப் பட்டினி போட அவர்களே ஒப்புக்கொண்டார்கள். நம்பிக்கையால் நோற்ற நோன்பு என்று இதைச் சொன்னால் மிகையாகாது. 24 கிழமைகள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி, கிழமைக்கு 22 மைல் நடை. நிறையில் கால்வாசி போயிற்று. கூடவே, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியும் 40 வீதம் அளவுக்குச் சரிந்தது. இதயத் துடிப்பு மந்தமானது. கோடையிலும் குளிர்ந்தது. தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். கடைசிக் கிழமைகளில் நிறைக் கோடு தட்டையாகிவிட்டது. மனசாட்சிக்காகச் சிறைக்குப் போகவும் துணிந்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். மனவலிமை போதாது என்று அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

பிந்திய சாட்சிகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சியின் நிறைகுறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துக் கெவின் ஹோல் குழுவினர் அளந்து 2016இல் வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. ஆனால் அவர்களுடைய உடம்பு, அந்த நிறைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஆறு வருடமாகியும் உடம்பு பஞ்சத்தை மறக்கவில்லை. ஹோல் பங்கெடுத்த இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது: இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது. ஆறு கிலோ குறைத்தவருக்குப் பசி 600 கலோரி கூடி நிற்கிறது. அந்தப் பசியைத் தினமும் வென்று முள்ளை அதே இடத்தில் வைத்திருப்பவரைத்தான் நாம் "ஒளிச்சுச் சாப்பிடுறியோ" என்று கேட்கிறோம்.

ஊசி மருந்துக்கும் விலக்கில்லை. செமகுளுட்டைட் ஆய்வில் 68 கிழமையில் சராசரியாக 14.9 வீதம் நிறை இறங்கியது. ஆனால் 60ஆம் கிழமை அளவில் அந்தக் கோடும் படுத்துவிட்டது. மருந்துக்கு மனவுறுதி இல்லை, சோம்பலும் இல்லை. அதுவும் நிற்கிறதென்றால் இந்தத் தேக்கம் ஒழுக்கத்தின் கேடாக இருக்க முடியாது.

உடலியல் இப்படி விடுதலை கொடுத்துவிடுகிறது. ஆனால் விடுதலையான மனிதருக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பயன் நின்ற பிறகும் எதற்காக இந்தப் பாடு? இதற்கு ஆய்வுகூடத்தில் பதில் கிடைக்காது.

கோட்டைக்குள் நடக்கிறவர்கள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதற்கொரு பழைய வழக்கு இருக்கிறது. சுவாமி மலையில் கடலைப் பார்த்துப் பிளந்து நிற்கும் பாறைக்கு இராவணன் வெட்டு என்று பெயர். நோயுற்ற தாய் வழிபடட்டும் என்று மலையையே பெயர்த்துக்கொண்டு போக நினைத்தான், மலை பெயரவில்லை, வெட்டு மட்டும் மிஞ்சியது என்பது ஊர்க்கதை. அந்தத் தாயின் ஈமக்கடனுக்காகத் தோன்றியவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது அதன் அடுத்த அத்தியாயம். எவ்வளவோ தவம் செய்து எவ்வளவோ வரம் வாங்கியவனுக்கு இந்த ஒரு பாரம் மட்டும் அசையவில்லை.

கந்தபுராணம் இதைப் பெரிய அளவில் சொல்கிறது. சூரபன்மன் தன் தசையை அரிந்து வேள்வித் தீயிலிட்டவன். அந்தத் தவத்துக்கு 1008 அண்டங்களும் 108 யுக வாழ்வும் கிடைத்தன. அசுரனின் தவம் பொய்த் தவம் என்று புராணம் ஒரு இடத்திலும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவம் யார் செய்தாலும் கூலி உண்டு, அசுரனுக்கும் உண்டு. ஆனால் கூலிக்கென்று செய்த தவத்தின் வரத்துக்கு எழுதப்பட்ட எல்லை இருக்கிறது. ஒப்பந்தம் முடிகிற நாளில் வேல் வந்து நிற்கிறது.

கிலோக் கணக்கில் நோற்கும் விரதம் இந்த வகையைச் சேர்ந்தது. வசையாகச் சொல்லவில்லை. சீனி வருத்தக்காரருக்கு ஐந்து கிலோ குறைவது வரமேதான். வரத்தின் விதிகளை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான்.

மற்ற வகை விரதத்துக்கு இலங்கைச் சைவப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையில் தந்தது. அதன் சாரம் இது: மனம் பொறிகளின் வழியே ஓடாமல் நிற்பதற்காக, உணவை விட்டோ குறைத்தோ, மனம் வாக்குக் காயத்தால் கடவுளை வழிபடுவது. பரீட்சைக்கு ஒப்புவித்துவிட்டு மறந்துபோகிற அந்த வரியில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. உணவைக் குறைப்பது கருவியாகத்தான் அங்கே வருகிறது, நோக்கம் மனம் நிற்பது. அடுத்தது, முழுக்க விடுவதையும் சுருக்குவதையும் நாவலர் ஒரே தட்டில் வைக்கிறார். மிளகும் தண்ணீரும் பிடித்தவர் மேல், ஒருநேரச் சோறு சாப்பிட்டவர் கீழ் என்று கோயில் வீதியில் நடக்கும் தரப்படுத்தலுக்கு அந்த வரைவிலக்கணத்தில் இடமே இல்லை.

இந்த விரதத்தில் முள் நிற்பதற்கு வழியே இல்லை, முள்ளே இல்லாதபடியால். அது தொடங்குவதும் முடிவதும் திதியில். சஷ்டி முடிந்தால் விரதம் முடிந்தது. உடம்பு எவ்வளவு இறங்கியது என்று பாறணைக்கு முன் யாரும் அளப்பதில்லை. திட்ட உணவுக்காரருக்கோ முடிவு ஒரு எண். அந்த எண் கிட்டும்வரை பாறணை இல்லை, கிட்டாவிட்டால் பாறணையே இல்லை. ஆறு நாளென்றால் தாங்கும் மனம், முடிவுத் தேதி இல்லாத விரதத்தில் முறிந்துபோவதில் என்ன அதிசயம்?

சைவ சித்தாந்தம் இதற்கும் அப்பால் ஒரு படி போகிறது. ஆன்மா பக்குவப்படுவதன் அடையாளங்களில் ஒன்றாக இருவினையொப்பைச் சொல்கிறது. நல்வினையும் தீவினையும் நிறையில் சமமாவது என்று அதற்குச் சிலர் பொருள் கொண்டார்கள். இரண்டின் பயனையும் ஒரே கண்ணால் பார்க்கும் மனநிலை என்று விளக்கியவர்களும் உண்டு. இரண்டாவது விளக்கமே ஆழமானது. முள் இறங்கிய கிழமையில் துள்ளாமலும் நின்ற கிழமையில் துவளாமலும் இருக்கிற ஒருவர், சித்தாந்த நூல் ஒன்றையும் புரட்டாமலே அதன் வாசலில் நிற்கிறார்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு எழுந்துபோவது மோசடி. பயனைக் கருதாதே என்பதை உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் சொல்வது சுலபம். 2005–06இல் நடந்த ஆய்வொன்றில் இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அந்தக் கணக்கில் ஒன்பது மாகாணங்களில் ஏழுதான் அடக்கம். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. திருகோணமலையின் சீனி அந்த எண்ணிக்கைக்குள் வரவேயில்லை. ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் எச்சரித்தது. கிளினிக் வரிசையில் கொப்பியோடு நிற்கும் பெண்ணுக்குக் கிலோ ஒரு மாயை அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. உட்துறைமுகத்தின் கரையில், சீனக்குடாவில், 1980இலிருந்து இயங்கும் பிறிமா மா ஆலை உலகின் மிகப்பெரிய ஆலைகளில் ஒன்று. கப்பலில் வரும் கோதுமை அங்கே மாவாகி, பாணாகவும் பராட்டாவாகவும் ரோல்ஸாகவும் தீவெங்கும் போகிறது. புட்டும் இடியப்பமும் குரக்கனும் இருந்த காலைச் சாப்பாட்டில் பாணும் சம்பலும் குடியேறியது யாருடைய நாவடக்கக் குறைவாலும் நடந்ததில்லை. விலையும் மானியமும் கப்பலும் சேர்ந்து செய்த வேலை அது. பிறகு 2022 வந்தது. நாட்டில் பத்துக் குடும்பங்களில் மூன்றுக்கு அடுத்த வேளை உணவு எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை என உலக உணவுத் திட்டம் சொன்னது. விரும்பாமலே நிறை இறங்கிய அந்த வருடத்தை நினைத்துக்கொண்டு, தனிமனிதரின் தட்டை மட்டும் வைத்து மனவுறுதி பற்றிப் பிரசங்கம் செய்ய நாக்கு எழும்பாது.

துறைமுகத்தின் தென்கரைக்குப் போனால் கிண்ணியாவிலும் மூதூரிலும் றமழான் நோன்பு. விடியுமுன் சஹர், மாலையில் பேரீச்சம்பழம், கஞ்சிக் கோப்பை, கூடவே தட்டில் சமோசாவும் கட்லட்டும். ஒரு மாத நோன்பால் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறைவதாகவும், சில கிழமைகளில் அது பெரும்பாலும் திரும்பிவிடுவதாகவும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். அதை நோன்பின் தோல்வி என்று பள்ளிவாசலில் யாரும் எண்ணுவதில்லை. குர்ஆன் நோன்புக்குச் சொல்லும் காரணம் இறையச்சம். நோயாளிக்கும் பயணிக்கும் அதே இடத்தில் சலுகை தந்து, வேறு நாட்களில் ஈடுசெய்யச் சொல்கிறது. இன்சுலின் போடுகிறவர் மருத்துவர் சொல்லைத் தட்டி நோன்பு பிடித்து, பின்னேரம் சீனி இறங்கி மயங்கி விழுவது மார்க்கப்பற்று என்று சொல்லப்படுகிறது. சலுகையைத் தந்தவனைவிடத் தனக்குக் கூடத் தெரியும் என்கிற எண்ணமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது. கந்தசஷ்டிக்கு மாத்திரையை நிறுத்துகிற சைவருக்கும் இது பொருந்தும்.

தராசு என்பது சமயங்களுக்குப் புதியதும் இல்லை. மறுமையில் நன்மையின் தட்டு கனக்கிறவருக்கே நல்வாழ்வு என்பது கிண்ணியாவில் ஓதும் வசனம். பொலன்னறுவையை 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன், தானும் குடும்பமும் வருடந்தோறும் துலாபாரத் தட்டில் ஏறி ஏழைகளுக்குத் தானம் செய்ததாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அந்தத் தராசில் மன்னன் கனத்தால் ஏழைக்கு இலாபம். குளியலறை மூலையில் கிடக்கும் தராசு மட்டும்தான் கனத்தைக் குற்றமாக எழுதுகிறது.

முள் நிற்கும் காலத்தின் மனநிலையைச் சரியாகப் படம் பிடித்தவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். நான்காம் நூற்றாண்டில் அங்கே தவமிருந்த எவாகிரியூஸ், துறவியைத் தாக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார். முதலாவது பெருந்தீனி. ஆனால் எல்லாவற்றிலும் கொடியதென்று அவர் சொன்னது நடுப்பகலில் வரும் சலிப்பு. சூரியன் நகராமல் நிற்பதுபோலவும் பகல் 50 மணித்தியாலம் நீள்வதுபோலவும் அது காட்டுமாம். துறவி சாளரத்தால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒன்பதாம் மணி ஆயிற்றா என்று. ஒன்பதாம் மணி என்றால் நம் கணக்கில் பிற்பகல் மூன்று, அவர்களுடைய ஒற்றைச் சாப்பாட்டு நேரம். பிறகு இந்த இடம் சரியில்லை, இந்த முறை சரியில்லை, வேறு மடத்துக்குப் போகலாம் என்று மனம் சொல்லும். திட்ட உணவை மாதத்துக்கு ஒன்றாக மாற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த குரல்தான். போன மாதம் பேலியோ, இந்த மாதம் கொள்ளு, அடுத்த மாதம் "நோபல் பரிசு பெற்ற விரதம்". வட்சப்பில் சுற்றும் அந்த நோபல் கதையையும் சொல்லிவிடலாம். 2016இல் பரிசு பெற்ற ஒசுமி ஆராய்ந்தது ஈஸ்ட் கலங்கள் தம் கழிவைத் தாமே தின்னும் பொறிமுறையை. மனிதர் எத்தனை மணிநேரம் பட்டினி கிடக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

எவாகிரியூஸின் வழிவந்த கசியான், பாலைவனத்து மூத்த துறவி மோசேயின் வாயால் ஒன்றைச் சொல்லவைக்கிறார். பெருந்தீனிக்கு விழாத துறவிகள் அளவுமீறிய நோன்பால் விழுந்ததைத் தாம் கண்டிருப்பதாகவும், இரண்டு கோடிகளும் போய்ச் சேருமிடம் ஒன்றே என்றும். அங்கே வகுத்த அளவு நாளுக்கு இரண்டு காய்ந்த ரொட்டி. இன்றைக்கும் இரண்டு, நாளைக்கும் இரண்டு. இரண்டு நாள் பட்டினி கிடந்து மூன்றாம் நாள் நாலு தின்பதை அவர்கள் வெறுத்தார்கள்.

நிறை குறைப்புக்கென்றே சமய நூலில் ஒரு வரலாறு வேண்டுமென்றால் அது பௌத்தர்களிடம் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையின் அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்ட பாளி நூல்களில், சம்யுத்த நிகாயத்தில் வரும் சிறிய சூத்திரம். கோசல மன்னன் பசேனதி துரோணக் கணக்கில் சோறு உண்பவன். உண்டுவிட்டு மூச்சிரைக்க இரைக்கப் புத்தரிடம் வந்து உட்காருகிறான். அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறைவு, மூப்பும் மெல்ல வரும் என்ற கருத்தில் புத்தர் ஒரு செய்யுள் சொல்கிறார். ஆறு வருடம் தன்னை வாட்டி எலும்பாகி, அதில் பயனில்லை என்று கண்டு சுஜாதையின் பாற்சோற்றை வாங்கி உண்டவர் அவர். பட்டினி கிட என்று அவர் வாயில் வரவில்லை. மன்னன் பின்னால் நின்ற சுதர்சனன் என்ற இளைஞனை அழைத்து, சாப்பாட்டு வேளைதோறும் இந்தச் செய்யுளைச் சொல், தினமும் நூறு காசு தருகிறேன் என்று நியமிக்கிறான். படிப்படியாகக் குறைந்து, ஒரு நாழிச் சோற்றில் வந்து நிற்கிறான். உடம்பு மெலிந்ததும் கையால் அங்கங்களைத் தடவிப் பார்த்து மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சியைச் சூத்திரம் பழிக்கவில்லை. இம்மை, மறுமை இரண்டுக்கும் புத்தர் தனக்கு நன்மை செய்தார் என்று அவனையே சொல்லவைக்கிறது.

தம்மபத உரையில் இந்தக் கதை இன்னும் கிட்டத்தில் தெரிகிறது. மன்னன் கடைசிக் கவளத்தை எடுக்கும்போதுதான் செய்யுள் சொல்லவேண்டும். அவன் அந்தக் கவளத்தைத் தட்டில் விட்டுவிடுவான். அதிலுள்ள பருக்கைகளை எண்ணி, அடுத்த முறை அந்த அளவு அரிசியைக் குறைத்து உலையில் போடவேண்டும். ஒரு கவளம், அதற்குமேல் இல்லை.

இன்றைய உணவியலாளர் இதில் திருத்துவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. முள் நின்றவருக்கு அவர்கள் சொல்வது அநேகமாக இதுதான். முதலில் உண்மையாகவே நின்றதா என்று பாருங்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பலின் பக்கத்தில் பல கோடுகள் வரைந்திருக்கும். அதே சரக்கோடு அதே கப்பல் உப்பு நீரில் ஒரு கோட்டிலும் நன்னீரில் இன்னொரு கோட்டிலும் மிதக்கும். உடம்பும் கருவாட்டுக் குழம்புக்கு மறுநாள் ஒன்று காட்டும், மாதவிலக்குக்கு முன் இன்னொன்று காட்டும். நாலு கிழமைச் சராசரியைத்தான் நம்பலாம். எட்டுக் கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய தட்டு பெரிது, ஆகவே ஒரு கவளம் குறையலாம். சோற்றைக் குறைக்கும்போது மீனும் பருப்பும் முட்டையும் குறையக்கூடாது. தசை கரைந்தால் எரிப்பும் கரையும், அதனால் நடையோடு பாரம் தூக்கும் பயிற்சியும் வேண்டும். நடையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய இலாபமில்லை. தன்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்கள் நாள் முழுக்க நடந்தும், உடலளவைக் கணக்கிலெடுத்தால், மேற்கத்தியர் அளவுதான் சக்தி செலவிடுகிறார்கள் என்று ஹேர்மன் பொன்ட்சர் குழுவினர் 2012இல் அளந்து காட்டினார்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும். சில மாத்திரைகளே நிறையைக் கூட்டும், கிளினிக்கில் கேட்கவேண்டும். இரண்டு கிழமை குறைத்து இரண்டு கிழமை சமநிலையில் சாப்பிட்ட ஆண்கள் கூடுதலாகக் குறைத்ததாக ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2017இல் சொன்னது. பிறகு வந்தவை எல்லாம் அதை ஒப்பவில்லை. ஆனாலும் இடையில் ஒரு பாறணை வைத்துக்கொள்வது மனதுக்கு நல்லது.

இவ்வளவு செய்தும் நின்றால்? நாழியில் வந்து நின்ற பசேனதி அரை நாழிக்கு முயன்றதாகச் சூத்திரத்தில் இல்லை. நிறையில் ஐந்து முதல் பத்து வீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சீனியும் கணிசமாக இறங்கும் என்பது மருத்துவத்தில் நன்கு நிலைத்த செய்தி. 80 கிலோக்காரருக்கு அது நாலிலிருந்து எட்டு. அந்த எட்டையும் குறைத்துவிட்டு, கலியாண வீட்டுப் படத்தில் இருந்த 60ஐத் துரத்துகிறவருக்கு முள் நிற்பது தோல்வியாகத் தெரிகிறது. கொப்பியைப் பார்க்கும் டாக்டருக்கு அது வெற்றியாகத் தெரிகிறது.

நின்ற இடத்தில் நிற்பதற்கும் வேலை இருக்கிறது, அதுவும் குறைவான வேலையில்லை. பத்து வாரத்தில் நிறை குறைத்தவர்களின் பசிச் சுரப்புகள் ஒரு வருடம் கழித்தும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்று பிரியா சுமித்ரன் குழுவினர் 2011இல் மெல்பேணிலிருந்து எழுதினார்கள். அசுரனுக்கு வரத்தோடு தவம் முடிந்துபோகும், குறைத்தவருக்கு முடிவதில்லை. கோசல மன்னன் சுதர்சனனுக்கு நாள்தோறும் நூறு காசு என்று பேசியிருந்தான். உடம்பு மெலிந்த பிறகு அந்தக் கூலியை நிறுத்தினான் என்று சூத்திரத்தில் எங்கும் இல்லை.